டிக்கியில் ஒரு வட்டப் பள்ளம்

கங்காதரனுக்குத் தெரியாத வண்டியே மெட்ராஸில் கிடையாது. இதைச் சொன்னது வேறு யாருமில்லை, கங்காதரனேதான். இருபத்திரண்டு வருஷமாக ஆக்டிங் டிரைவர். வாசலில் கார் நிற்கும், ஓட்டத்தான் ஆள் இருக்காது என்கிற மாதிரி வீடுகளுக்குப் போய், நாள் கணக்கில் ஓட்டிக் கொடுத்துவிட்டு வருகிற பிழைப்பு. மந்தைவெளி டீக்கடையில் மற்ற டிரைவர்களுக்கு அவன் ஓதாத நாள் இல்லை. "எவன் வண்டியா இருந்தாலும் சாவிய வாங்குனதும் மொதல்ல டிக்கியத் தொற. ஸ்டெப்னி கீதா, ஜாக்கி கீதா, ஸ்பேனர் கீதா, பாரு. அப்பால போய் சீட்ல குந்து. நடுரோட்ல பஞ்சராயி நிக்கசொல்ல ஓனரு உன் மூஞ்சியத்தான் பாப்பாரு."

இப்படி வாய் கிழியப் பேசுகிற மனுஷன், அபிராமபுரம் ராமானுஜம் சார் வீட்டு வண்டியை ஒரு மாதமாக ஓட்டுகிறானே, அதன் டிக்கிப் பலகையை ஒரு நாளாவது தூக்கிப் பார்த்திருப்பானா? இல்லை. புது வண்டி. சீட்டில் பிளாஸ்டிக் வாசனைகூடப் போகவில்லை. பூனாவில் வேலை பார்க்கும் பிள்ளை அச்யுத், அப்பாவுக்காக வாங்கிக் கொடுத்தது. முதல் நாளே டிக்கி முழுக்க சாரின் வாக்கரும் தலையணையும் மடக்கு நாற்காலியும் அடைத்துக் கிடந்தன. புது வண்டியில் ஸ்டெப்னி எங்கே போய்விடப் போகிறது என்று விட்டுவிட்டான். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று புதன்கிழமை. ராமானுஜம் சாருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாரம் மூன்று நாள் அடையாறு காந்தி நகரில் பிசியோதெரபி. ஒன்பதரை மணிக்கு அடையாறு பாலம் ஏறப்போகிற நேரத்தில் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுத்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தான். முன் சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது.

"பஞ்சர் சார். நீங்க உள்ளயே குந்துங்க. பத்தே நிமிஷம், ஸ்டெப்னி மாத்திர்றேன்" என்றான் தோரணையாக.

வாக்கரையும் நாற்காலியையும் பிளாட்பாரத்தில் எடுத்து வைத்தான். கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டை விலக்கினான், பலகையைத் தூக்கினான். பள்ளம் இருந்தது. நல்ல வட்டமாக, ஒரு சக்கரம் வந்து அப்படியே உட்காருகிற அளவுக்குப் பள்ளம். சக்கரத்தைத்தான் காணோம். ஜாக்கியும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. பள்ளத்தின் நடுவில் ஒரு தெர்மாகோல் தட்டு. அதில் டிபன் பை மாதிரி ஒரு கறுப்புப் பை. பிரித்துப் பார்த்தால் வயர் சுற்றிய ஒரு குட்டி மிஷினும் வெள்ளை பாட்டில் ஒன்றும். ஏதோ பாலிஷ் போடுகிற சாமான் என்று நினைத்துப் பையை மூடி வைத்தான். பலகையை இறக்கினான். மறுபடியும் தூக்கினான். இரண்டாம் தடவை தூக்கினால் சக்கரம் வந்துவிடுமா என்ன?

கண்ணாடியை இறக்கி ராமானுஜம் சார் கேட்டார். "என்னப்பா, ஸ்டெப்னி இல்லியா?"

"நான் பாக்கவே இல்ல சார், தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே வார்த்தை. வானம் இடிந்து விழுந்திருக்காது. ஆனால் இருபத்திரண்டு வருஷ டிரைவர் வாயிலிருந்து அது எப்படி வரும்?

"இருந்துச்சே சார். முந்தாநாள்கூட நான் பாத்தேனே" என்றான்.

"முந்தாநாள் இருந்துதா? அப்போ நேத்திக்கு வண்டிய எங்க விட்டிருந்தே?"

"வாட்டர் வாஷுக்கு, சார்." சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்டியா." சார் கோபக்காரர் இல்லை. ரயில்வேயில் ஆடிட்டராக இருந்தவர். எதையும் வரிசையாக யோசிப்பவர். "சரி, எனக்கு ஒரு ஆட்டோ பிடிச்சுக் குடு. நாலு மணிக்கு அச்யுத் கூப்பிடுவான். அவன்ட்ட சொல்லிட்டு, போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துடலாம். அந்தக் கடைல யார் யார் இருக்கான்னு அவா விசாரிச்சுப்பா."

அந்தக் கடையில் இருந்தது யார் என்று கங்காதரனுக்குத் தெரியும். அவன் மச்சான் செம்பியன். கங்காதரன் பெண்டாட்டி கயலின் கூடப்பிறந்த தம்பி.

செம்பியனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் அவனுக்குத் தொழிலே ஸ்டெப்னி திருடுவதுதான். பெரிய வண்டிகளுக்கு அடியில் தொங்குமே, அந்தச் சக்கரம். ஒருவன் தெருக்குழாயில் முகம் கழுவி நிமிர்வதற்குள் செம்பியன் அதைக் கழற்றிக்கொண்டு போயிருப்பான். இரண்டு தடவை உள்ளே போய் வந்தான். இரண்டாவது தடவை வந்தபோது வீட்டில் பெண்டாட்டி லாவண்யா இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆதம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கங்காதரன்தான் போய்ப் பேசினான். "ஒரு வருஷம்ணே" என்றாள் அவள். "போலீஸ்காரன் அவன் பேரச் சொல்லிகினு வராம ஒரே ஒரு வருஷம் இருந்து காட்டச் சொல்லு. நானே புள்ளயத் தூக்கிகினு வர்றேன்." இருந்து காட்டுவான் என்று கங்காதரன் வாக்குக் கொடுத்தான். மயிலாப்பூரில் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கும் தபஸ்ஸும் அக்காவிடம் கங்காதரன்தான் ஜவாப்தாரியாக நின்று செம்பியனைச் சேர்த்துவிட்டான். பதினோரு மாசம் முடிந்திருந்தது. இன்னும் முப்பது நாள்கூட இல்லை. கங்காதரன் வாயில் வந்த பொய் அந்த முப்பது நாளை விழுங்கப் பார்த்தது.

பாலத்தடியில் இருந்த பஞ்சர் கடைக்காரர் ஜாக்கியோடு வந்து, ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் சொருகி, காற்றடித்துவிட்டுப் போனார். டியூப்லெஸ் டயர், கால் மணி நேர வேலை. வண்டி ஓடத் தொடங்கியது, கங்காதரன் புத்திதான் ஓடவில்லை. முந்தாநாள் நாம் பார்த்தோமா, பார்க்கவில்லையா? பார்க்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் பள்ளம் இருந்ததே, சக்கரத்துக்குத்தானே பள்ளம் போடுவான்? ஜாக்கியும் சேர்ந்து காணோமே, அதையும் ஒருத்தன் எடுத்திருந்தால்தானே காணாமல் போகும்? மயிலாப்பூர் போய்ச் சேர்வதற்குள் அந்த ஸ்டெப்னி அவன் கண்ணுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. புது டயர், ரப்பர் முடி முடியாக நீட்டிக்கொண்டு, மண் படாமல். பார்த்தேன் என்று சொன்னது பொய்யா, இல்லை பார்த்துவிட்டு மறந்துபோனோமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

கடையில் தபஸ்ஸும் அக்கா மேஜையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று செம்பியனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போனான். முழங்கால் வரை சோப்பு நுரையோடு வந்து நின்றான் செம்பியன்.

"மச்சான், நேத்து என் வண்டி டிக்கிய யாரு தொட்டது?"

"நான்தான் மாமா. மேட்ட எட்த்து ஒதறிக் காயப்போட்டேன். இன்னா ஆச்சு?"

"பலகையத் தூக்குனியா?"

"பலகைய ஏன் தூக்கப்போறேன்? இன்னா ஆச்சு சொல்லு."

"ஸ்டெப்னியக் காணோம்டா."

செம்பியன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நுரை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நான் எட்த்தேன்னு கேக்குறியா மாமா?"

"நான் அப்டிச் சொல்லல. முந்தாநாள் இருந்துச்சு. நேத்து இங்க இருந்துச்சு வண்டி. இன்னிக்கு இல்ல. நீயே சொல்லு, நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"முந்தாநாள் நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"உன் கண்ணால பாத்தியா மாமா?"

அந்த இடத்தில் கடவுள் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். கங்காதரன் அதையும் விட்டுவிட்டான். காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு என்று மாற்றினால் தானே திருடன் மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தான். "பாத்தேன்னு சொல்றேன்ல. எத்தினி வாட்டி கேப்ப?" என்று சிடுசிடுத்தான்.

செம்பியன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சாப்பாட்டு நேரத்துல ஒரு ஒன் அவர் வண்டி தெருவுலதான் நின்னுகினு இருந்துச்சு" என்றான் மெதுவாக. "யாரு கைய வெச்சான்னு தெரிலியே."

"அதெல்லாம் யாரு கேக்கப்போறாங்க? நாலு மணிக்கு பெரியவரு புள்ளையாண்ட சொல்லப்போறாரு. அப்பால போலீஸ். போலீஸ் வந்தா மொதல்ல யாருட்ட வருவான்னு உனுக்கே தெரியும். எட்த்திருந்தா நாலு மணிக்குள்ள கொணாந்து வெச்சுடு. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"எடுக்கலன்னா?"

கங்காதரன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அபிராமபுரம் வந்து வண்டியை நிறுத்திவிட்டுக் கயலுக்குப் போன் போட்டான். அவள் பெரும்பாக்கத்தில் வீட்டில் இருந்தாள். ஆற்றோரத்தில் இருந்த குடிசைகளை எடுத்தபோது அரசாங்கம் கொடுத்த எட்டாவது மாடி வீடு. விஷயத்தைச் சொன்னான்.

"நேத்து ராத்திரி என்னாண்டதான் சோறு துன்னான்யா. திருடிட்டு வந்தான்னா என் மூஞ்சிய நேராப் பாக்க மாட்டான், சின்ன வயசுலேந்து அப்டித்தான். நேத்து சிரிச்சுகினு இருந்தான். புள்ளைக்குக் கொலுசு பாத்து வெச்சிக்கீறேன்னு சொன்னான். நீ நெஜமா பாத்தியா?"

"பாத்தேன் கயலு."

"உன் புள்ள மேல ஆணையா?"

"இன்னா நீ, போலீஸ்காரன் மாதிரி நோண்டுற" என்று போனை வைத்துவிட்டான்.

பெரியவரை ஆட்டோ கொண்டுவந்து விட்டது. வீட்டுக்காரம்மா வைதேகி மாமி கேட்டருகே வந்து, "சாப்டியாப்பா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். அதுவும் பொய். ஒரு நாளைக்கு எத்தனை பொய்தான் ஒரு வாய் தாங்கும்? நிழலில் உட்கார்ந்தான், எழுந்தான், டிக்கியைத் திறந்தான், மூடினான். செம்பியன் எடுத்திருந்தால் கொண்டுவந்து கொடுப்பான், திருடன் என்று ஆகிவிடும். எடுக்கவில்லை என்றால் கொண்டுவர மாட்டான், அப்போதும் போலீஸ் அவனைத்தான் பிடிக்கும். இதில் எது நடக்க வேண்டும் என்று தான் வேண்டிக்கொள்வது? கபாலீஸ்வரர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டவன், என்ன கேட்பது என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டான்.

மூன்றரை மணிக்குச் செம்பியன் வந்தான். மொபெட்டின் கால் வைக்கிற இடத்தில் கோணிப்பை சுற்றிய ஒரு சக்கரம்.

கங்காதரனுக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே ஆத்திரமும் வந்தது. "அப்போ நீதான் எட்த்தியா? என்னாண்டயே இன்னாமா டிராமா போட்ட."

செம்பியன் கோணியைப் பிரித்தான். கங்காதரன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். சக்கரம் பெரிது. ஐந்து போல்ட் ஓட்டை. இந்த வண்டிக்கு நாலுதான். டயர் பாதி தேய்ந்திருந்தது. பள்ளத்தில் தூக்கி வைத்தால் விளிம்பில் ஏறி நின்றது, உள்ளே இறங்கவில்லை.

"இது நம்புள்து இல்லியே மச்சான்."

"அவசரத்துக்கு இதான் கெடச்சிது. வெச்சுக்க மாமா. ஸ்டெப்னி கீதுன்னு சொல்லிடு. பெரியவரு ஓட்டைய எண்ணவா போறாரு?"

"எங்கேந்து கொணாந்த?"

"கேக்காத" என்றான் செம்பியன். வெயிலில் வந்த வேர்வையா, வேறு எதுவா என்று தெரியவில்லை, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கங்காதரனை அவன் நேராகப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சார் கூப்பிட்டார். அச்யுத் கொஞ்சம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டான். ஹால் மேஜையில் போனை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதில் அச்யுத் முகம்.

"என்னமோ ஸ்டெப்னி காணோம்னு அப்பா சொல்றாரே. என்ன கங்காதரன்?"

"அது வந்து, சார்..."

"அந்த வண்டில ஸ்டெப்னியே கிடையாதே."

கங்காதரன் அவனையே பார்த்தான். வைதேகி மாமி, "என்னடா சொல்றே?" என்றாள்.

"ஆமாம்மா. அந்த மாடல்ல ஸ்பேர் வீல் தரதில்ல. வெயிட்டும் குறையும், எடமும் மிச்சம். அதுக்கு பதிலா பஞ்சர் கிட் ஒண்ணு தருவான். பாட்டில்ல ஒரு லிக்விட் இருக்கும், அத டயருக்குள்ள ஏத்தி, அந்தச் சின்ன மிஷினால காத்தடிச்சா போறும், கடை வரைக்கும் ஓட்டிண்டு போயிடலாம். கறுப்புப் பை ஒண்ணு, தெர்மாகோல்ல இருக்கும் பாருங்க."

"பள்ளம் இருக்கே சார்" என்றான் கங்காதரன். தன் குரல் தனக்கே எங்கேயோ கேட்பது போல் இருந்தது.

"வேற மாடலுக்கு வீல் வெச்சுத் தரான். பாடி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அதான் பள்ளம்."

ராமானுஜம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாதவர் போலக் கேட்டார். "அப்போ முந்தாநாள் நீ எதைப்பா பாத்தே?"

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். போனில் இருந்தவனும் சேர்த்து. கங்காதரன் "நான் பாக்கல சார்" என்று சொன்னான். "ஒரு நாளும் பாக்கல." சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக்கூட நிற்காமல் வாசலுக்கு ஓடினான்.

செம்பியன் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"எங்கேந்து எட்த்த? சொல்லுடா."

"ராஜா அண்ணாமலைபுரத்துல. பார்க் பக்கத்துத் தெரு. ஒரு கால் டாக்ஸி நின்னுகினு இருந்துச்சு."

"அறிவு கெட்டவனே, இந்த வண்டிக்கு ஸ்டெப்னியே கெடையாதாம்டா. கம்பெனியிலயே குடுக்கலியாம்."

செம்பியனுக்கு அது உடனே ஏறவில்லை. வண்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "நீ பாத்தேன்னு சொன்ன இல்ல மாமா?"

கங்காதரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ பாத்தேன்னு சொன்னதாலதான்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "நம்ம கடைலேந்துதான் போயிக்கீதுன்னு நெனச்சேன். நான் எடுக்கலன்னு போலீஸ்ல யாரு மாமா கேப்பாங்க? நீயே கேக்கல. அதான் ஒண்ண வெச்சுட்டா முடிஞ்சிரும்னு போயிட்டேன். கை நடுங்குச்சு மாமா. முன்னல்லாம் நடுங்காது."

கங்காதரனுக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயசு ஆள், அபிராமபுரம் தெருவில் நட்டநடுவில், துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதான். அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தை, பெருமைக்குச் சொன்னது, பதினோரு மாசம் ஒழுங்காக இருந்தவனை மறுபடியும் ஒரு வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டது.

"ஏறு" என்றான். "போய் வெச்சுட்டு வந்துருவோம்."

பார்க் தெரு முனையில் மொபெட்டை நிறுத்தச் சொன்னான். தாமதமாகிவிட்டது. தெருவின் நடுவில் அந்த டாக்ஸி நின்றது. அதன் டிரைவர், கங்காதரன் வயசுக்காரர், வண்டிக்குப் பின்னால் குந்தி அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார், போனை எடுத்தார், எதிர்வீட்டு வாட்ச்மேனிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார். போலீஸ் என்ற வார்த்தை முனை வரைக்கும் கேட்டது.

"நீ இங்கயே நில்லு. என்ன நடந்தாலும் வராத" என்றான் கங்காதரன்.

"மாமா, நான்தான எட்த்தேன். நான் போறேன்."

"லாவண்யாவுக்கு நான் வாக்கு குட்த்துக்கீறேன். நில்லுடா."

சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தான். பெரிய சக்கரம், கை வழுக்கி வழுக்கிப் போயிற்று. ரோட்டில் கிடந்தது என்று சொல்லலாமா? யாரோ போட்டுவிட்டு ஓடினான் என்று சொல்லலாமா? இரண்டையும் யோசித்துப் பார்த்தான். அப்படிச் சொன்னால் யார் போட்டது என்று தேடுவார்கள். தேடினால் எந்தப் பெயரில் போய் நிற்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. காலையிலிருந்து அவனுக்குக் குழப்பமில்லாமல் தெரிந்தது அது ஒன்றுதான்.

டாக்ஸி டிரைவர் சக்கரத்தைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார். "இது எப்டி உன் கைல?"

"நான்தான் எட்த்தேன்" என்றான் கங்காதரன். "தப்புதான். வெச்சுட்டுப் போலாம்னு வந்தேன்."

பொய்யா அது? கழற்றின கை வேறு; ஆனால் கழற்ற வைத்தது யார்? அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. டிரைவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். வாட்ச்மேனும் ஓடி வந்தான்.

"இன்னா வேல பாக்குற நீ?" என்று கேட்டார் டிரைவர்.

இதற்கு வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். கொத்தனார் என்றோ, சும்மா இருக்கிறேன் என்றோ. டீக்கடையில் அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியவன், இந்த ஒரு மனுஷனிடம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூசிப்போய் நின்றான். பிறகு சொன்னான்.

"டிரைவர்."

பிடித்த கை கொஞ்சம் தளர்ந்தது. பிறகு முன்னைவிட இறுகியது. "டிரைவரா இருந்துகினு இன்னொரு டிரைவரோட ஸ்டெப்னியில கைய வெப்பியாடா நீ?" என்றார் அவர். அடி விழுந்தது. கங்காதரன் வாங்கிக்கொண்டான். தெருமுனைப் பக்கம் மட்டும் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.